கண்ணில் பட்டதையெல்லாம் பின்னிய அண்ணன்

அண்ணன் எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரில் அவரைப் பற்றி நான்தான் எழுத வேண்டும் என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். கூடப் பிறந்தவள் நான் ஒருத்திதான் என்பது அவர்கள் சொன்ன காரணம். எனக்கு வேறு காரணம் உண்டு. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

அண்ணன் மண்ணூரில் உழவுக் குடும்பத்தில் தலைமகனாகப் பிறந்தார். எனக்கு ஐந்து வயதானபோது அப்பா காலமானார். அன்று ஏர் பிடித்தவர் அண்ணன். இருபத்திரண்டு வயதில் அவருக்கு இருமலோடு ரத்தம் வந்தது. காசநோய் என்றார்கள். ஐம்பதுகளில் அந்தச் சொல்லைக் கேட்டாலே தெரு காலியாகிவிடும். பேசி முடித்திருந்த பெண் வீட்டார் தாம்பூலத்தைத் திருப்பி அனுப்பினார்கள். தாம்பரம் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இரண்டு வருடம் அங்கே இருந்தார்.

பின்னல் வேலை அங்கே கற்றதுதான். படுத்தே கிடப்பவர்கள் மனம் சோர்ந்துவிடக் கூடாது என்று ஒரு நர்ஸம்மா இரண்டு ஊசியும் உல்லன் நூலும் கொடுத்தாராம். அண்ணன் முதலில் பின்னியது தனக்கு ஒரு சாம்பல் நிற மப்ளர். பார்க்கப் போன நான் வாய்க்கொழுப்பில், “இன்னாண்ணா, பொம்பள வேல செஞ்சிகினு கீற?” என்று கேட்டுவிட்டேன். அண்ணன் கோபப்படவில்லை. “கை சும்மா இருந்தா மனசு சாவறதையே நெனைக்குதும்மா” என்றார். அதற்குப் பிறகு நான் அவரைக் கேலி செய்ததில்லை.

குணமாகிவிட்டது என்று டாக்டர் எழுதிக் கொடுத்த காகிதத்தோடு வீடு வந்தார். காகிதத்தை யார் நம்பினார்கள்? உறவுக்காரர் வீட்டுக்குப் போனால் யாருக்கும் தர்மசங்கடம் வேண்டாம் என்று தன் டம்ளரைத் தானே பையில் எடுத்துப் போவார். கல்யாணப் பேச்சை மறுபடி எடுக்கவே விடவில்லை.

கடினமான வேலை கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். கழனியைக் குத்தகைக்கு விட்டுவிட்டு வரப்பில் உட்கார்ந்து பின்னுவார். அவருக்குப் புத்தகமோ மாதிரியோ கிடையாது. கண்ணில் பட்டதெல்லாம் மாதிரிதான். கோடையில் ஏரி வெடித்துக் கிடந்தால் அந்த வெடிப்பைக் கணக்கு நோட்டின் கட்டங்களில் வரைந்துகொள்வார். செங்கல் சூளையில் காற்றுப் போக இடைவெளி விட்டுக் கல் அடுக்குவார்களே, அதைப் பார்த்து ஓட்டை ஓட்டையாக ஒரு பின்னல் போட்டார். வேர்க்கடலை ஓட்டின் மேல் இருக்கும் வலையைக்கூட விடவில்லை. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் சட்டைக் கட்டத்தை உதட்டை அசைத்து எண்ணிக்கொண்டே வருவார். தெரியாதவர்கள் ஏதோ மந்திரம் சொல்கிறார் என்று நினைப்பார்கள்.

இனி என் காரணத்துக்கு வருகிறேன்.

என்னைக் குன்றத்தூரில் கட்டிக் கொடுத்தார்கள். தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்பது ஊர் வழக்கம். அண்ணன் இருக்கும் வீடு என்பதால் புகுந்த வீட்டில் என்னை அனுப்பவில்லை. குன்றத்தூரிலேயே மகன் பிறந்தான். தாய்மாமன் சீராக அண்ணன் ஒரு குல்லா பின்னி எடுத்து வந்தார். வேர்க்கடலைப் பின்னல், மஞ்சள் நூல். மாமியார் மேல் பழி போட்டுவிட்டால் எனக்கு வசதி. ஆனால் அன்று அவர் வாயே திறக்கவில்லை. பயந்தவள் நான். பச்சைக் குழந்தைக்குப் புதுத்துணி போடக் கூடாது, பழசுதான் போடுவார்கள் என்ற வழக்கத்தைச் சாக்காகச் சொன்னேன். அண்ணன், “ஆமா இல்ல, மறந்தே பூட்டேன்” என்று குல்லாவைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். ஒரு வாரம் கழித்து வேறு ஒரு குல்லாவோடு வந்து நின்றார். சாம்பல் நிறம். “இது பழசுதாம்மா. என் மப்ளரப் பிரிச்சுப் பின்னினது” என்றார். ஆஸ்பத்திரியில் வருடக்கணக்கில் அவர் கழுத்தைச் சுற்றிக் கிடந்த அதே நூல்! வாங்கிக்கொண்டேன். அவர் தெருமுனை திரும்பியதும் வெந்நீர் அண்டாவில் சவுக்காரம் கரைத்து அதைப் போட்டு ஒரு மணி நேரம் கொதிக்க வைத்தேன். எடுத்தபோது கொட்டாங்கச்சி அளவுக்குச் சுருங்கி, அட்டைபோல ஆகியிருந்தது. தூக்கி எறிய மனம் வரவில்லை. கொடியில் போட்டேன், அப்படியே மறந்தும் போனேன்.

அடுத்த முறை வந்த அண்ணன் கொடியைப் பார்த்துவிட்டார். பின்னுகிறவருக்கு விளக்க வேண்டுமா? கையில் எடுத்து விரலால் அழுத்திப் பார்த்தார். “கொதிக்க வச்சியா?” என்று மட்டும் கேட்டார். அவர் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். அன்று நான் சாப்பிடவில்லை. இனி அண்ணன் இந்த வாசலை மிதிக்க மாட்டார் என்றே நம்பினேன்.

பதினைந்து நாள் கழித்து வந்தார். பையிலிருந்து எடுத்த குல்லா பெரிய ஆளுக்கே தொளதொளக்கும். யாருக்கு என்று கேட்டேன்.

“கொயந்தைக்குத்தான். அந்தச் சுருங்கினத அளந்து பாத்தேன், பாதிக்குப் பாதி சுருங்குது. அந்தக் கணக்குல பின்னல் கண்ணியக் கூட்டிப் போட்டுகினு வந்தேன். நல்லா கொதிக்க வை, தலைக்குச் சரியா வரும். ஆஸ்பத்திரில எங்க சாமான எல்லாம் கொதிக்க வச்சுத்தாம்மா குடுப்பாங்கோ. நீ செஞ்சது தப்பில்ல.”

அவர் குரலில் குத்தல் இல்லை. குத்தல் இருந்திருந்தால் நான் தாங்கியிருப்பேன். சுருங்கிப்போன குல்லாவிலும் அவர் ஒரு கணக்கைத்தான் பார்த்திருக்கிறார். எப்படியாவது அது குழந்தையின் தலையில் ஏற வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு.

நான் அதை அண்டாவில் போடவில்லை. ஏணைத் தொட்டிலிலிருந்து குழந்தையை எடுத்து, குல்லாவை அப்படியே அவன் தலையில் மாட்டிவிட்டேன். கழுத்துவரை இறங்கி முகமே தெரியவில்லை. விளிம்பை மூன்று மடிப்பு மடித்தேன். சமையலறை வாசலில் நின்ற மாமியார், “காது மூடற மாரி இழுத்து வுடுடி” என்றார். குழந்தையை அண்ணனிடம் நீட்டினேன். வாங்கத் தயங்கினார். இரண்டாவது முறை நீட்டியபோதுதான் வாங்கினார். பிறந்து ஒன்றரை மாதம் ஆன பிள்ளையை அவன் தாய்மாமன் அன்றுதான் தொட்டார். அடுத்த வருடம் குன்றத்தூர் மலையில் மொட்டையடித்துக் காது குத்தியது அண்ணன் மடியில்தான்.

அம்மாவின் அஸ்தியைக் கரைக்கக் காசிக்குப் போனபோது ரயிலில் எதிரே ஒரு வடக்கத்தி அம்மாள் பின்னிக்கொண்டு வந்தாராம். பாஷை தெரியாது. கயிறு முறுக்கியதுபோல அவர் போட்ட பின்னலை அண்ணன் பார்த்துக்கொண்டே இருக்க, அந்த அம்மாள் தன் சடையை அவிழ்த்து மறுபடி பின்னிக் காட்டினாராம். இரண்டு நாளும் தன் ரொட்டியில் பாதியைக் கொடுத்தாராம். “என் நோவு அதுக்குத் தெரியாது, பக்கத்துலயே உக்காந்துகிச்சு” என்று அண்ணன் ஊரெல்லாம் சொல்லிச் சந்தோஷப்பட்டார். எனக்குத்தான் கேட்கக் கேட்க வலித்தது.

எங்கள் பக்கம் கம்பெனிகள் வரத் தொடங்கியதும் ஒன்றில் கேட் வாட்ச்மேன் வேலை கிடைத்தது. மழை நாளில் லாரி டயர் சேற்றில் பதித்த தடத்தை அங்கேயும் நோட்டில் வரைந்தார். டூட்டி நேரத்தில் பின்னுகிறார் என்று சூப்பர்வைசர் மெமோ கொடுத்தார். அவரே பிறகு பேத்திக்குக் காலுறை கேட்டு வந்தார். கடைசிவரை வேலையில் இருந்து, ஒரு காலை ஷிப்ட் முடிந்து வந்து படுத்தவர் எழுந்திருக்கவில்லை. இருதயம் என்றார் டாக்டர். நுரையீரல் கடைசிவரை சுத்தமாக இருந்தது. இதை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்றே எழுதுகிறேன். என் மகன்தான் கொள்ளி வைத்தான்.

யூனிபார்மைக்கூட மாற்றாமல் ஓடிவந்து பாடை தூக்கிய கம்பெனித் தோழர்களுக்கும், பதினாறு நாளும் சோறு ஆக்கிப் போட்ட மண்ணூர்த் தெருவாருக்கும், பெயர் தெரியாத அந்த நர்ஸம்மாவுக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது.

உறவினர்களுக்கு ஒரு வார்த்தை. நம் வீடுகளில் பிறந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் அண்ணன் குல்லா கொடுத்தார். நன்றி சொல்லி வாங்கி, பெட்டியின் அடியில் போட்டவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும். அண்ணனுக்கும் தெரியும். தெரிந்தேதான் அடுத்த பிள்ளைக்கும் பின்னினார். உங்களைக் குறை சொல்லும் தகுதி எனக்கு இல்லை. வருகிற மார்கழிக்கு அதை எடுத்து உதறி, வீட்டில் இருக்கும் சின்னக் குழந்தைக்குப் போட்டு, அண்ணன் படத்துக்கு முன்னால் ஒருமுறை தூக்கிக் காட்டுங்கள்.