காலி ரிக்‌ஷாவின் பின்னால் நடந்தேன்

நான் தோட்டத்துப் பள்ளியில் நாலாம் வகுப்புவரை படித்தவள். எழுத்து கோணல்மாணலாக வரும், பாதி மறந்தும் போய்விட்டது. பொறுத்துக்கொள்ளுங்கள். ஜப்பான்காரன் வருவதற்கு ஆறேழு வருஷம் முன்னால், ஒரு தைப்பூசத்தன்று பினாங்கில் நடந்ததைச் சொல்கிறேன்.

அப்போது எனக்குப் பதினெட்டு வயது இருக்கும். கெடாவில் ரப்பர்த் தோட்டத்தில் இருந்தோம். கைக்குழந்தை காய்ச்சலில் கிடந்தபோது, அவன் பிழைத்தால் பினாங்குத் தண்ணீர்மலை முருகனுக்குப் பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டேன். வாய் திறக்காமல், வண்டி ஏறாமல், குடத்தைக் கீழே வைக்காமல் நடந்தே வருகிறேன் என்பது வேண்டுதல். பிள்ளை பிழைத்தான். அவனை மாமியாரிடம் விட்டுவிட்டு நானும் வீட்டுக்காரரும் நாத்தனாரும் பிறை ஸ்டேஷன்வரை ரயிலில் வந்து, படகேறிப் பினாங்கில் இறங்கினோம். எனக்கு அதுதான் முதல் தடவை. விரதம் முடிந்ததும் ஊரைச் சுற்றிக் காட்டுவதாக வீட்டுக்காரர் சொல்லியிருந்தார்.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. காலையில் பட்டணத்துக் கோயிலில் நான் மஞ்சள் துணியால் வாயைக் கட்டிக்கொண்டேன். நாத்தனாரும் ஒரு குடம் எடுத்தாள், அவளுக்கு வாய்க்கட்டு இல்லை. கிளம்பினோம். கொஞ்ச நேரத்தில், மேலே கம்பியைத் தொட்டுக்கொண்டு ஒரு டிராம் வந்தது. பொறி பறந்தது. நின்று வேடிக்கை பார்த்துவிட்டேன். திரும்பினால் இருவரையும் காணோம். தூரத்தில் மஞ்சள் சேலையும் தலையில் குடமுமாக நாத்தனார் ஒரு சந்தில் திரும்புவது தெரிந்தது. குறுக்கு வழி போலிருக்கிறது என்று பின்னாலேயே போனேன். சீனர் கடைகள், ஒரு மசூதி, மறுபடி சந்து, கடைசியில் எதிரே கடல். அந்த அம்மா ஒரு வீட்டு வாசலில் குடத்தை இறக்கிக் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அது நாத்தனார் இல்லை. விடியுமுன்னே பாலை ஊற்றிவிட்டு வீடு திரும்பியவள். அவள் பின்னால் நான் மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நடந்திருக்கிறேன்.

வழி கேட்க வாயில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது, பால் திரிந்துவிட்டாலும் போச்சு. வாய்க்கட்டை அவிழ்த்தால் பிள்ளைக்கு ஏதும் ஆகிவிடுமோ என்று பயம். அவிழ்ப்பதில்லை என்று முடிவு செய்தேன்.

சாயாக்கடை வைத்திருந்த ஒரு தமிழ் முஸ்லிம் பார்த்துவிட்டார்.

"எங்கம்மா போவணும்? எந்த ஊருப் புள்ள நீ?"

பெஞ்சில் இருந்த ஒருவர், "ஊமை போலருக்கு பாய்" என்றார்.

"வாயில கட்டியிருக்கிறது தெரியலயா ஒனக்கு? நேர்த்திக்கடன்லா. நீ ஒரு நாளைக்குப் பேசாம இருந்து காட்டு, சாயா சும்மாவே தர்றேன்" என்று அவரை அடக்கிவிட்டு, "தண்ணீர்மலைதானே? தலைய ஆட்டாதம்மா, பால் சிந்தும். ஆமான்னா கண்ண மூடித் தொற" என்றார்.

மூடித் திறந்தேன்.

ஒரு சீன ரிக்‌ஷாக்காரரைக் கூப்பிட்டு மலாயில் ஏதோ சொன்னார். அவர் வண்டியைத் தாழ்த்தினார். நான் பின்னால் நகர்ந்தேன். பாய் சிரித்துக்கொண்டே மறுபடி சொன்னார். சீனர் என்னை ஒரு தடவை ஏறிட்டுப் பார்த்தார். வண்டியின் கூண்டை விரித்துவிட்டு, காலி ரிக்‌ஷாவை இழுத்துக்கொண்டு எனக்கு முன்னால் நடக்கத் தொடங்கினார்.

தார்ச்சாலை சுட்டது. அவரும் வெறுங்கால்தான். கூண்டின் நிழல் என்மேல் விழும்படி வண்டியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாற்றி மாற்றி இழுத்தார். நான் தயங்கினால் நிற்பார், அடி எடுத்து வைத்தால் நடப்பார். வழியில் அவருடைய கூட்டாளிகள் சீன பாஷையில் கேலி பேசினார்கள். காலி வண்டியைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று எனக்கே புரிந்தது. அவர் ஒரு பதிலும் சொல்லவில்லை. எங்கள் இருவரில் யாருக்கு விரதம் என்று பார்ப்பவர்களுக்குச் சந்தேகம் வந்திருக்கும்.

மலையடிவாரத்தில் நாத்தனார் அழுதுகொண்டு நின்றாள். "எங்க போய்ட்டீங்க அண்ணி? அண்ணன் ஒங்களத் தேடிப் பட்டணத்துக் கோயிலுக்கே திரும்பிப் போயிருக்கு. ஒரு வார்த்த சொல்லுங்களேன்." அப்போதும் நான் வாய் திறக்கவில்லை. படி ஏறினேன். பால் கெடாமல் முருகனுக்குப் போய்ச் சேர்ந்தது.

வாய்க்கட்டை அவிழ்த்ததும் கீழே ஓடி வந்தேன். எனக்கு மலாயில் தெரிந்தது, நன்றி என்பதற்கான 'தெரிமா காசே' ஒன்றுதான். சொல்லத்தான் வந்தேன். வண்டியும் இல்லை, அவரும் இல்லை.

அந்தப் பிள்ளை இப்போது பேரன் எடுத்துவிட்டான். முருகனுக்குச் சொன்னதை அன்றைக்கே செய்து முடித்தேன். அந்த மனிதருக்குச் சொல்ல வேண்டியது மட்டும் இன்னும் என் வாய்க்குள்ளேயே இருக்கிறது.

அன்று நான் பார்த்தது டிராமா, கம்பி பிடித்து ஓடும் பஸ்ஸா என்று பேத்தி கேட்கிறாள். எனக்கு நிச்சயமில்லை. பினாங்குக்காரர்கள் யாராவது சரிபார்த்துத் திருத்துங்கள். அவர் எனக்கு முன்னால் நடந்ததில் மட்டும் திருத்த ஒன்றுமில்லை.