யாருக்கு அறிவிக்க வேண்டும்?

முதுகுப்பையோடு தனியாக ஊர் சுற்றிக்கொண்டிருந்த நான், இத்தாலியின் பலேர்மோவில் பாராகிளைடிங் செய்ய ஆசைப்பட்டேன். கடற்கரை அலுவலகத்தில் தந்த படிவத்தில், விபத்து நேர்ந்தால் யாருக்கு அறிவிப்பது என்று கேட்டிருந்தார்கள். அம்மா இறந்தபிறகு எனக்கு யாருமில்லை.

"யார் பேரை எழுதறது?" என்று முணுமுணுத்தேன்.

தரை துடைத்துக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்தார். "தமிழோ? நான் இலங்கை, மன்னார். என்ரை நம்பரைப் போடுங்கோ, தங்கச்சி."

பைலட்டோடு மலையிலிருந்து பறந்தேன். கீழே கடல் அத்தனை நீலம். இதை யாரிடம் சொல்வது என்று நினைத்ததும் அழுகை வந்துவிட்டது.

கடற்கரையில் இறங்கியபோது அந்த மன்னார்ப் பெண் வெயிலில் நின்றிருந்தார்.

"வேலை எப்பவோ முடிஞ்சுது. நீங்கள் இறங்குமட்டும் மேலை பாத்துக்கொண்டு நிண்டனான்."

நான் பத்திரமாக வந்து சேர்வதற்காக ஒருவர் காத்திருந்து இரண்டு வருடமாகியிருந்தது. அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.