சாவுகிராக்கிக்கு ஜெர்மனில் வார்த்தை கிடையாது

போன வாரம் டிராமில் ஒரு பெண் சூடான காபியை என் பேன்ட்டில் கொட்டிவிட்டாள். தொடை வெந்துகொண்டிருந்தது. நான் அவளிடம் "ஆலஸ் குட்" என்றேன். எல்லாம் நலம் என்று அர்த்தம். ஜெர்மனிக்கு வந்த இத்தனை வருடத்தில் நான் பழுதில்லாமல் கற்றுக்கொண்ட ஜெர்மன் அவ்வளவுதான். இங்கே காலை மிதித்தாலும் ஆலஸ் குட், வேலையை விட்டுத் தூக்கினாலும் ஆலஸ் குட். ஊரில் இருக்கும் உங்களுக்கு இது நாகரிகமாகத் தெரியும். அம்பத்தூர் எஸ்டேட் பஸ்ஸில் யாராவது என்மேல் டீயைக் கொட்டியிருந்தால் இருவரும் பரஸ்பரம் பரம்பரையையே இழுத்திருப்போம், ஸ்டாப் வருவதற்குள் சிநேகமாகியும் இருப்போம். இங்கே அவள் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிப் போனாள். எனக்குக் கொப்புளம் மட்டும் மிச்சம்.

திட்டு என்பது என்ன என்று எனக்குக் கற்றுக்கொடுத்தவன் கொரட்டூர் மோசஸ். ஞாயிற்றுக்கிழமை சர்ச் பாடகர் குழுவில் தேன் ஒழுகப் பாடுவான். சனிக்கிழமை ஆன்லைனில் ரெய்டு ஆடும்போது அதே வாயில் சாக்கடை ஓடும். ரெய்டு என்றால், ஐந்து பேர் அவரவர் வீட்டிலிருந்து ஒன்றாகச் சேர்ந்து ஒரு பெரிய ராட்சசனை அடித்து வீழ்த்துவது. ஒருவன் சொதப்பினாலும் ஐந்து பேரும் சாக வேண்டும், மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஒரே ராட்சசனிடம் மாதக்கணக்கில் சாவோம். முன்னால் நின்று அடி வாங்குபவனுக்கு டேங்க் என்று பெயர். அது நான். என் அப்பாவுக்கு ஆவடியில் ராணுவ டேங்க் செய்கிற தொழிற்சாலையில் வேலை, குவார்ட்டர்ஸில்தான் வளர்ந்தேன். மோசஸ் விடுவானா? நான் சாகும்போதெல்லாம், "சாவுகிராக்கி! உங்கப்பா நெஜ டேங்க்க இரும்புல செஞ்சிட்டு உன்ன மட்டும் இன்னாத்துக்குடா தகரத்துல செஞ்சாரு?" என்பான். ஐந்து பேரும் வயிறு வலிக்கச் சிரித்துவிட்டு அடுத்த ஆட்டத்துக்குப் போவோம். டீமின் தைரியம் அந்தத் திட்டில்தான் இருந்தது. அது நின்றால் நாங்கள் படுத்துவிடுவோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆட்டத்தில் அடிபட்ட எங்களுக்கு உயிர் ஏற்றுகிறவன் கதிர், பக்கத்து பிளாக் பையன். அவன் அப்பா இறந்து காரியம் முடிந்த வாரமே ஆட வந்துவிட்டான். யாருக்கும் திட்ட வாய் வரவில்லை. கதிரும் எதுவும் செய்யாமல் நின்றதில் எல்லோரும் செத்தோம். மோசஸ்தான் வாயைத் திறந்தான். "செத்தது உங்கப்பன். நீ இன்னாத்துக்குடா பொணமாட்டம் நிக்கிற? ஹீல் குடு." கதிர் சிரித்தான், பிறகு அழுதான், அழுதுகொண்டே எங்களுக்கு உயிர் ஏற்றினான். மாலை போட்டு, கை கொடுத்து, டீ குடித்துவிட்டுப் போன அத்தனை பேரும் செய்ய முடியாததை அந்த ஒரு கொடூரமான வாக்கியம் செய்தது.

இதையெல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு வந்ததுதான் வினை. இங்கே அலுவலகத்து யோனாஸ் தன் ரெய்டு டீமில் என்னைச் சேர்த்தான். தலைவி அன்னிகா. இவர்கள் செத்தால் பிணவறை போல அமைதி. பிறகு அன்னிகா மெல்ல, நல்ல முயற்சி, ஆலஸ் குட் என்பாள். ஒரு நாள் யோனாஸ் தொடர்ந்து சொதப்பி, குரல் உடைந்து, இனி ஆடவில்லை என்றான். பாவமாக இருந்தது. ஆளைத் தூக்கி நிறுத்தலாம் என்று சாவுகிராக்கியை வார்த்தைக்கு வார்த்தை பெயர்த்து, "டு குன்டெ டெஸ் டோடெஸ்!" என்று அன்போடு கத்தினேன். சாவின் வாடிக்கையாளனே! ஒருவரும் சிரிக்கவில்லை. யோனாஸ் லைனைத் துண்டித்தான். அன்னிகா தனியாக அழைத்து, அது மிரட்டலா, எனக்கு மனநல உதவி ஏதும் தேவைப்படுகிறதா என்று கேட்டாள். அது எங்கள் ஊரில் பாசம் என்றேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டு, டீமிலிருந்து விலகிவிடும்படி மிகவும் கனிவாகச் சொன்னாள்.

போகட்டும், நமக்குத்தான் கொரட்டூர் இருக்கிறதே என்று இருந்தேன். இங்கே சனி மதியம், அங்கே சாயங்காலம். ஆனால் இவ்வளவு தூரத்திலிருந்து என் அடி தாமதமாகத்தான் போய்ச் சேரும். ராட்சசன் ஓங்கிய கை என் திரையில் தெரியும்போது அங்கே நான் பாதி செத்திருப்பேன். முதலில் மோசஸ் அதற்கும் திட்டினான், நானும் தெம்பாக இருந்தேன். கடைசி ராட்சசன் மட்டும் வசமாகவே இல்லை. ஒரு சனிக்கிழமை அவனுக்கு உயிர் நூலளவுதான் பாக்கி. நான் கேடயத்தைத் தூக்கினேன், அது தாமதமாய்ப் போனது, ஐந்து பேரும் செத்தோம். நல்ல திட்டாக வரும் என்று காத்திருந்தேன்.

"பரவால்ல பிரதர். நல்லா ட்ரை பண்ணீங்க" என்றான் மோசஸ்.

பண்ணீங்கவா? திட்டித் தொலையேன்டா என்று கெஞ்சினேன். அவன் சேச்சே என்றான். உங்க நெட்டு அப்படி, நீங்க என்ன பண்ணுவீங்க என்றான். அடுத்த வாரம் என் இடத்தில் வேப்பம்பட்டு தினேஷ் நின்றான். நான் மைக்கை அணைத்துவிட்டு லைனில் ஓரமாய்க் கேட்டுக்கொண்டிருந்தேன். தினேஷ் செத்தான். எனக்கு வரவேண்டிய திட்டெல்லாம், அவன் தாத்தா வரைக்கும் போய், அவனுக்குக் கிடைத்தது. எனக்குப் பொறாமையில் காது எரிந்தது. நான்காவது ஆட்டத்தில் ராட்சசன் விழுந்தான்.

ஒரே கூச்சல். அது கொஞ்சம் அடங்கியதும் கதிர், அவனுக்கும் ஒரு போன் போடலாம் மச்சான், எத்தினி மாசம் நம்மகூட செத்திருக்கான் என்றான்.

"டேய், அவர இன்னாத்துக்குடா தொந்தரவு பண்ற? அவருக்கு அங்க ஆயிரம் வேல கீது" என்றான் மோசஸ்.

அவர். மைக்கைத் திறந்தேன். ஆவடி குவார்ட்டர்ஸில் கற்றது, எஸ்டேட் பஸ்ஸில் கேட்டது, மோசஸே கொடுத்தது என்று என்னிடம் இருந்த அத்தனையையும் தொண்டை கிழிய அவன் தலையில் கொட்டினேன். எவனாவது ஒருவன் சிரித்து, திருப்பி ஒரு வார்த்தை திட்டமாட்டானா என்று மூச்சு வாங்க நின்றேன். அதற்குள் யாரோ என் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். ஹெட்போனோடு போய்த் திறந்தேன். கீழ் வீட்டுக்காரர் நின்றார். தொந்தரவுக்கு மன்னிக்க வேண்டும், உள்ளே யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே என்று பணிவாகக் கேட்டார். அவர் கேட்டு முடிப்பதற்குள் காதில் மோசஸின் குரல் வந்தது.

"சாரிங்க. நீங்க லைன்ல இருக்கறது தெர்ல."