மினர்வாவுக்கு ஒரு குழல்

எஸ்தர் பதினோரு வருஷம் ஒரு வெளிநாட்டுக் கார் கம்பெனியில் என்ஜின் பாகம் கடைந்தவள். ஒருநாள் காலை ஷிப்டில் எல்லாரையும் கூட்டி, இனி இங்கே கார் செய்யப்போவதில்லை என்றார்கள். கையில் வந்த தொகையில் பழைய லேத், அதாவது கடைசல் மெஷின், ஒன்று வாங்கி, ஐயம்பேட்டை ரோட்டில் பட்டறை போட்டாள். டிராக்டர் வேலை, மோட்டார் பம்ப் வேலை வந்தது.

போன வருஷம் திருமுக்கூடல் ரைஸ்மில்காரர் வெங்கடேசன் ஒரு மெல்லிய இரும்புக் குழலைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்தார். ஓரத்தில் விரிசல்.

"எங்க தாத்தா ஏலத்துல எடுத்த காரும்மா. மினர்வா, பெல்ஜியம் வண்டி. பொண்ணு சந்தியா கல்யாணத்துக்கு ஓட்டணும். எல்லாரும் டீசல் என்ஜின் மாத்திடுன்றாங்க. எனக்கு இதே மாதிரி ஒரு குழல் கடைஞ்சு குடும்மா."

"கம்பெனியாண்ட கேட்டீங்களா சார்?"

"கம்பெனியே இல்லம்மா."

மத்தியானம் எஸ்தர் போனில் தேடிப் படித்தாள். சைக்கிளில் ஆரம்பித்து, மோட்டார் சைக்கிள் செய்து, காருக்கு வந்த கம்பெனி. வால்வுக்குப் பதில் பிஸ்டனைச் சுற்றி இதுபோன்ற குழல்கள் ஏறி இறங்கும். அதனால் என்ஜின் சத்தம் குறைவு. ராஜாக்கள் வாங்கினார்கள். 1929-இல் உலகமே நொடித்தபோது அந்த விலைக்கு ஆள் குறைந்துபோனது. சில வருஷத்தில் இன்னொரு கம்பெனியோடு சேர்ந்தது, பிறகு காரே நின்றது. அங்கே லேத்தில் நின்றவர்கள் எங்கே போனார்கள் என்று மட்டும் அவளுக்குக் கிடைக்கவில்லை. அதைத்தான் ரொம்ப நேரம் தேடினாள்.

அவள் கடைந்த முதல் குழல், லேத்தின் பிடியைத் தளர்த்தியதும் முட்டை வடிவமாகிவிட்டது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதை வெளியே இறுக்காமல், உள்ளே தண்டு செருகி அதில் மாட்டிக் கடைந்தாள். இம்மியும் பிசகவில்லை.

அதை மாட்டியதும் என்ஜின் கிளம்பியது. பின்னால் ஒரே நீலப் புகை. வெங்கடேசன் முகம் வாடிவிட்டது. "கெட்டுப்போச்சாம்மா?"

"இல்ல சார். புதுசா இருந்தப்பவே இது புகை வுடுமாம். எண்ணெய் நிறைய குடிக்கிற என்ஜின். பயப்படாம ஓட்டுங்க."

"எனக்குத் தைரியம் இல்லம்மா."

கல்யாணத்தன்று சந்தியாவே வந்து கூப்பிட்டாள். "நீங்க ஓட்டுங்கக்கா."

எஸ்தர் ஓட்டினாள். மேளக்காரர்கள் புகையில் இருமிக்கொண்டே காருக்குப் பின்னால் நடந்தார்கள். காந்தி ரோட்டில் புடவை எடுக்க வந்த கூட்டம் போனைத் தூக்கிப் படம் பிடித்தது. அந்தப் படங்களைப் பார்த்து, பழைய கார் வைத்திருக்கும் மூன்று பேர் சென்னையிலிருந்து பாகம் கேட்டு வந்தார்கள்.

கம்பெனியில் பக்கத்து மெஷினில் நின்ற மஹாலட்சுமி இப்போது ஒரு புடவைக்கடையில் இருந்தாள். எஸ்தர் அவளுக்குப் போன் செய்தாள்.

"கடையாண்ட சொல்லிட்டு வர்றியா? வேலை இருக்குதுடி."

"லேத் மறந்துபோச்சுன்னு நினைக்கிறேன்," என்றாள் மஹாலட்சுமி. திங்கட்கிழமை ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினாள்.