குரங்கணிக்கு மேலே ஒரு பெட்டி

2008 டிசம்பர், ஞாயிற்றுக்கிழமை. காலை 5.50 மணிக்கு உத்தமபாளையத்தில் பஸ் ஏறினேன். தேவாரம் வழியாகப் போடிக்கு ஒன்பது ரூபாய் டிக்கெட். மடியில் இருந்த பையில் இரண்டு பொட்டலம் இட்லி, தண்ணீர் பாட்டில், துபாயிலிருந்து என் தம்பி கொண்டுவந்து கொடுத்த கையடக்க ஜிபிஎஸ் கருவி. போடி பஸ் நிலையத்தில் எனக்காக ஒருவர் காத்திருந்தார். என்னைப் பொய்யன் என்று உலகத்துக்கே சொன்னவர் அவர்.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் பன்னீர் திராட்சை போடுகிற விவசாயி. கொடிக்கு மருந்தடித்த நாள் போக மிச்ச நாளில் மலை ஏறுவது என் வழக்கம். ஜிபிஎஸ் கைக்கு வந்த பிறகு ஜியோகேஷிங் என்ற விளையாட்டும் சேர்ந்துகொண்டது. ஓரிடத்தில் சின்னப் பெட்டி ஒன்றை ஒளித்துவைத்து, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இணையத்தில் போட வேண்டும். முன்பின் தெரியாத ஒருவர் அந்த எண்களைப் பிடித்துக்கொண்டு வந்து பெட்டியைக் கண்டுபிடித்து, உள்ளே இருக்கும் நோட்டில் பெயர் எழுதிவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போவார். அவ்வளவுதான் ஆட்டம். எனக்குத் தெரிந்தவரை எங்கள் கம்பம் பள்ளத்தாக்குப் பக்கம் முதல் பெட்டி வைத்தவன் நான். குரங்கணியிலிருந்து மலை உச்சியிலுள்ள டாப் ஸ்டேஷனுக்கு ஏறும் பாதையில், சென்ட்ரல் என்ற ஊருக்குச் சற்றுக் கீழே ஒரு பாறை இடுக்கில் முந்தைய ஆண்டு வைத்தேன். அதில் எனக்கு எவ்வளவு பெருமை என்று என் வீட்டில் கேட்டால் தெரியும்.

வைத்து ஒன்றரை வருடத்தில் இரண்டே பேர்தான் கண்டதாக இணையத்தில் எழுதியிருந்தார்கள். மூன்றாவதாக நவம்பரில் வந்த சென்னைக்காரர் எழுதியது இது: 'பெட்டி இல்லை. வைத்தவர் மலை ஏறினாரா, வீட்டிலிருந்தே எண்களைப் போட்டாரா என்று சந்தேகமாக இருக்கிறது.' இணையதளத்தை நடத்துபவர்களும், ஒரு மாதத்துக்குள் சரிபார்க்காவிட்டால் பட்டியலிலிருந்து நீக்கிவிடுவோம் என்று எழுதிவிட்டார்கள். நான் சென்னைக்காரருக்கே மின்னஞ்சல் போட்டேன். 'வாருங்கள், சேர்ந்து ஏறுவோம். பெட்டி இல்லையென்றால் நானே நீக்கிவிடுகிறேன்.'

போடியில் 7.15. கார்த்திக் என்ற அவருக்கு முப்பது வயது இருக்கும். கம்ப்யூட்டர் வேலை. நான் நினைத்ததுபோல முரடர் இல்லை. கையை நீட்டியபோது அவருக்கே சங்கடமாக இருந்தது தெரிந்தது. "சார், நான் கொஞ்சம் கோவத்துல எழுதிட்டேன். ஆனா நெஜமாவே அங்க இல்ல" என்றார். ஆளுக்கொரு டீ, மூன்று ரூபாய். பிறகு குரங்கணி ஜீப். பதினாறு கிலோமீட்டருக்குத் தலைக்குப் பதினைந்து ரூபாய். பதினோரு பேரோடு ஒரு மூட்டை வெங்காயமும் ஏறியது. டிரைவர் என்னைத் திரும்பிப் பார்த்து, "என்ன பாய், மறுபடியும் மேலயா? அங்கன மழ பிச்சு ஒதறிருச்சு. பாத்துப் போங்க" என்றார்.

பெட்டி இருந்த பாறை இடுக்கை நினைத்துக்கொண்டேன்.

குரங்கணி வனத்துறைச் சாவடியில் பெயர், ஊர் எழுதிக்கொடுத்துவிட்டு 8.40க்கு நடக்கத் தொடங்கினோம். முதலில் மாமரங்கள், இலவ மரங்கள். அரை மணி ஏறியதும் காப்பிச் செடிகள். ஒரு காலத்தில் தேயிலை இறக்கிய ரோப்வேயின் அடையாளங்கள் அங்கங்கே கிடக்கின்றன. கார்த்திக் நல்ல நடைக்காரர். நான் நின்று மூச்சு வாங்கிய இடங்களில் அவரும் நின்றார். திரும்பிப் பார்த்தால் கீழே போடியும், அதற்கப்பால் வயல்களும் வெயிலில் விரிந்து கிடந்தன.

10.55. கருவி, இன்னும் நாற்பது மீட்டர் என்றது. திருப்பத்தைத் தாண்டியதும் நின்றுவிட்டேன். நான் வைத்த பாறையே இல்லை. மேலிருந்து செம்மண் சரிந்து, பாதையின் ஓரத்தையும் அள்ளிக்கொண்டு பள்ளத்தில் இறங்கியிருந்தது.

"இங்கதான் சார் நானும் ரெண்டு மணி நேரம் தேடினேன்" என்றார் கார்த்திக். சரிவைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "இது சரிஞ்ச எடம்னு அன்னைக்கு எனக்குப் புரியல. நீங்க வெச்சிருப்பீங்க. போயிருச்சு. நான் எழுதினதை எடுத்துடறேன், விடுங்க சார்."

அவர் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அந்த இரக்கம்தான் பொறுக்கவில்லை. பையைக் கழற்றி வைத்துவிட்டுப் பள்ளத்துக்குள் இறங்கினேன். நாலு எட்டு வைப்பதற்குள் மண் என் காலோடு சேர்ந்து நகர்ந்தது. ஒரு வேரைப் பிடித்துத் தொங்கினேன்.

"யாருப்பா அது? அங்கன எறங்காதீக! மண்ணு புடிப்பில்ல!"

பாதையில் ஓர் அம்மா நின்றிருந்தார். தலையில் அரிசி மூட்டை. ஐம்பது வயதுக்குக் குறையாது. மூட்டையை இறக்கிவிட்டு, கார்த்திக்கும் அவருமாக என்னை மேலே இழுத்தார்கள். சட்டையெல்லாம் செம்மண்.

"பொட்டி தேடியா வந்தீக?" என்றார்.

தலையை ஆட்டினேன்.

"அது பத்திரமா இருக்கு. வாங்க."

அவர் பெயர் பாண்டியம்மா. சென்ட்ரலில் டீக்கடை வைத்திருப்பவர். மூட்டையை மறுபடி தலையில் ஏற்றிக்கொண்டு எங்களுக்கு முன்னால் நடந்தபடியே சொன்னார்: "ஐப்பசி மழையில இந்த மேடு விரிசல் விட்டுச்சு. இன்னைக்கோ நாளைக்கோ சரியும்னு தெரிஞ்சுபோச்சு. உள்ள ஒரு சீட்டு வச்சிருந்தாகள்ல, 'எடுத்தவர்கள் இருந்த இடத்திலேயே வைக்கவும்'னு? எடமே போகப்போகுதே, என்ன செய்யன்னு யோசிச்சேன். கெட்டிப் பாறையாப் பாத்து மேல கொண்டாந்து வச்சேன்."

"அந்தச் சீட்டு எழுதுனது நான்தாம்மா" என்றேன்.

நின்று என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீகதானா அது? கையெழுத்து நல்லா இருந்துச்சு."

பிறகு அவரே தொடர்ந்தார். "போன மாசம் ஒரு தம்பி வந்து கல்லக் கெளப்பிக் கெளப்பிப் பாத்துட்டுப் போச்சாம். நான் அன்னைக்குப் போடிக்குப் போயிருந்தேன். யாருகிட்டயாச்சும் ஒரு வார்த்த கேட்டிருந்தா காட்டியிருப்பாக."

கார்த்திக் தரையைப் பார்த்தபடி, "அந்தத் தம்பி நான்தாம்மா" என்றார். பாண்டியம்மா சிரித்த சிரிப்பில் மூட்டை ஆடியது.

பழைய இடத்திலிருந்து அறுபது மீட்டர் மேலே, பாதையை ஒட்டிய பெரும்பாறை. அடியில் மூன்று கற்களை அணைவாக அடுக்கி, உள்ளே என் எவர்சில்வர் டப்பா. மேலே பிளாஸ்டிக் பை சுற்றி, மழைத் தண்ணீர் இறங்காமல் கயிறு கட்டியிருந்தது. அந்தப் பை நான் வைத்தது அல்ல. கார்த்திக்தான் திறந்தார். நோட்டு காய்ந்து மொரமொரவென்று இருந்தது. எடுப்பவர் பதிலுக்கு ஒன்றை வைக்கலாம் என்று நான் போட்டுவைத்த சாவி வளையத்துக்குப் பதில் கொஞ்சம் ஏலக்காய், ஒரு ஊக்கு, சிவப்பு ரிப்பன்.

அவர் பாறைமேல் உட்கார்ந்து உரக்கப் படித்தார். 'மாடு தேடி வந்தேன். பெட்டி கிடைத்தது. மாடு கிடைக்கவில்லை.' அதற்குக் கீழேயே வேறு தேதியில், 'மாடும் கிடைத்தது.' 'ஏலக்காய் எடுக்க வந்த நாங்கள் நாலு பேர்.' 'நல்ல மழை, இங்கே ஒதுங்கினோம்.' மலையாளத்தில் ஒரு பக்கம். கொஞ்சம் மலையாளம் தெரிந்த பாண்டியம்மா எழுத்துக்கூட்டி, அது டாப் ஸ்டேஷன் பக்கம் மரம் வெட்ட வந்தவர் வாழ்த்து எழுதியது என்றார். இணையத்தில் எழுதிய இருவரின் பெயர்களும் ஆங்கிலத்தில் நடுவில் இருந்தன. எண்ணிப் பார்த்தோம். முப்பத்தொன்று.

"சார்," என்றார் கார்த்திக், "நான் நூறு பெட்டிக்கு மேல பாத்துட்டேன். இந்த மாதிரி ஒரு நோட்டைப் பாத்ததே இல்ல."

நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். கண்ணில் மண் விழுந்ததாகச் சொல்லி முகத்தைத் துடைத்தேன்.

புது இடத்தின் எண்களை எடுக்க வேண்டுமே. கருவியைப் பாண்டியம்மாவின் கையில் கொடுத்தேன். சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். கருவி நிலைகொள்ளும்வரை ஐந்து நிமிடம், மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு பாறைமேல் நின்றார். "வடக்கு பத்து டிகிரி, ஆறு நிமிசம்..." என்று அவர் நிறுத்தி நிறுத்தி வாசிக்க, கார்த்திக் எழுதிக்கொண்டார். அப்புறம் பாண்டியம்மா கடையில் கட்டங்காப்பி. காசு கொடுக்கப்போனேன், முறைத்தார்.

2 மணிக்கு இறங்கத் தொடங்கி, 4.30க்குப் போடி வந்தோம். இன்டர்நெட் சென்டரில் அரை மணிக்குப் பத்து ரூபாய். புது எண்களை ஏற்றினேன். கார்த்திக் தன் பழைய வரியை அழித்தார். புதிதாக எழுதினார்: 'கண்டுபிடித்தேன். நான் முப்பத்திரண்டாவது ஆள். ஊரில் கேளுங்கள்.' பெட்டி வைத்தவர் என்ற இடத்தில் என் பெயர் மட்டும் இருந்தது. அதற்குப் பக்கத்தில் தமிழிலேயே 'பாண்டியம்மா, சென்ட்ரல்' என்று சேர்த்தேன். எழுத்துகள் கட்டம் கட்டமாக வந்துவிடுமோ என்று பயந்தேன். சுத்தமாக வந்தது.

தேவாரம் பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. மலையின் மடிப்புகளில் சாய்வெயில். எங்கள் ஊரில் எல்லோரும் தினமும் பார்க்கிற மலைதான். பல்லைத் தேய்த்துக்கொண்டே பார்ப்போம், மழை வருமா என்று பார்ப்போம். பக்கத்தில் இருந்தவர் என் சட்டையின் செம்மண்ணைப் பார்த்து, "எங்க போய்ட்டு வாறீக பாய்?" என்றார்.

இடம் எனக்கு நன்றாகத் தெரிந்தது. ஜன்னல் வழியே கையை நீட்டிக் காட்டினேன்.

"அந்தா, அந்த மடிப்புக்கு மேல. அங்கன எங்க பொட்டி ஒண்ணு இருக்கு."