பொறுமை அண்ணன் போட்ட சோப்பு

கீசர் என்றதும் குளியலறைச் சுவரில் மாட்டுகிற வெந்நீர்ப் பெட்டியை நினைத்துக்கொள்ளாதீர்கள். நான் சொல்வது தரையிலிருந்து தானாகப் பீறிட்டு, மூன்று மாடி உயரம் எழும்பி அடங்குகிற வெந்நீர் ஊற்றை. அதன் வேலிக்கு வெளியே என் டீக்கடை. வேலிக்கு உள்ளே பொறுமை அண்ணன். காவலும் அவர்தான், வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்கிறவரும் அவர்தான். பெற்றவர்கள் வைத்த பேரைச் சொல்லி யாரும் அவரைக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. நாள் முழுக்க ஒலிபெருக்கியில் "பொறுமை, பொறுமை, பதறாத காரியம் சிதறாது" என்று சொல்லிச் சொல்லியே அந்தப் பேர் ஒட்டிக்கொண்டது.

வேலிக்கு வண்ணம் பூசக் கூலிக்கு வந்த ஆள், தலை நரைக்கும்வரை இங்கேயே கிடந்துவிட்டார். கல்யாணம் இல்லை, பிள்ளைகுட்டி இல்லை. ஊரில் ஒரே ஒரு அக்கா. தாயில்லாத பிள்ளையை இடுப்பில் சுமந்து வளர்த்தவள். "வந்துடுடா, என் கடையை ரெண்டு பேருமாப் பார்த்துக்கலாம்" என்று அவள் அழைக்காத வருஷம் கிடையாது. இவர் "அடுத்த வருஷம்க்கா" என்பார். அவள் மகள் கல்யாணத்துக்குக்கூடப் போகவில்லை. விடுமுறைக் கூட்டமாம், ஊற்றை விட்டுவிட்டு வர முடியாதாம்.

"ஏண்ணே, அது என்ன தொட்டில் பிள்ளையா, ஆள் இல்லேன்னா அழறதுக்கு?" என்று கேட்டேன். சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கடைசியில் அக்காவே கிளம்பி வந்தாள். முட்டிவலியோடு பஸ் மாறி மாறி வந்து என் பெஞ்சில்தான் முதலில் உட்கார்ந்தாள். அதுதான் முதலும் கடைசியும். அந்த வருஷமே கண்ணை மூடிவிட்டாள், பாவம்.

"என்னதான்டா இருக்கு அங்க? என் கண்ணால ஒரு தடவை பார்த்துட்டுப் போயிடறேன்" என்றாள். திரும்பிப் போக மாலையில் ஒரே பஸ். அது கிளம்புவதற்குள் ஊற்று எழும்பிவிடும் என்று அண்ணன் கரும்பலகையில் எழுதியும் வைத்திருந்தார். அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பரீட்சையில் முதல் மார்க் வாங்கிவிட்டு அம்மா வரக் காத்திருக்கும் பிள்ளை மாதிரி இருந்தார். இத்தனை வருஷம் ஏன் ஊருக்குப் போகவில்லை என்பதற்கு அவரிடம் வேறு பதில் கிடையாது. அந்தத் தண்ணீர்தான் பதில்.

வேலியோரம் அக்காவை நாற்காலியில் உட்கார வைத்து, கூட்டத்துக்குச் சொல்வதையெல்லாம் அவள் ஒருத்திக்குச் சொன்னார்.

"பாருக்கா, அடியில பாறை நெருப்பா கொதிக்குது. மழைத் தண்ணி கசிஞ்சு அங்க இறங்குது. மேல வர்றதுக்கு ஒரே ஒரு ஒடுக்கமான குழாய்தான். மேல நிக்கிற தண்ணி பாரமா அமுக்குறதால, அடியில இருக்கிறது கொதிக்கிற சூட்டைத் தாண்டியும் கொதிக்க முடியாம அடங்கிக் கிடக்கும்."

"குக்கர் மூடி மாதிரியா?"

"அதேதான்! சூடு ஏற ஏறக் கொஞ்சம் ஆவி குமிழி குமிழியாக் கிளம்பி, மேல இருக்கிற தண்ணியை வழிய வைக்கும். பாரம் குறைஞ்சதும் அடியில இருக்கிறது அத்தனையும் ஒரே நொடியில ஆவியாகி மொத்தத்தையும் தூக்கி அடிக்கும். அப்புறம் குழாய் காலி. மறுபடி ரொம்பணும், மறுபடி சுடணும்."

நேரம் வந்தது. ஊற்று எழும்பவில்லை. குழிக்குள் தண்ணீர் மேலே வந்து வந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனது. அக்கா பஸ் வரும் பக்கமாகத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். அண்ணனுக்கு வியர்த்துவிட்டது.

"இருக்கட்டும்டா, இன்னொரு தடவை பார்த்துக்கலாம்" என்றாள் அவள். அந்தப் பேச்சுதான் அவரைக் கெடுத்தது. விறுவிறுவென்று என் கடைக்குள் வந்தார். தொட்டியருகே இருந்த பாத்திரம் தேய்க்கும் சோப்புக் கட்டியை எடுத்தார். "எதுக்குண்ணே?" என்று நான் கேட்டது காதில் விழவே இல்லை. வேலி தாண்டிப் போய்க் குழிக்குள் போட்டுவிட்டார்.

சோப்பு கரைந்தால் குமிழிகள் சுலபமாகப் பொங்கிவிடும், ஊற்று சீக்கிரம் கிளம்பிவிடும். இது எங்களுக்கெல்லாம் தெரியும். செய்யக்கூடாது என்பதும் தெரியும். வேலியில் பலகையே இருக்கிறது, அவர் கையால் எழுதியது.

கிளம்பியது. என்னத்தைச் சொல்ல! அடியில் சூடு சேர்ந்து முடியும் முன்னே கிளப்பிவிட்டதால் ஆள் உயரம்கூட வரவில்லை. அழுக்கு நுரையாகப் பொங்கி, நாலு தரம் துப்பிவிட்டு, கொளகொளவென்று அடங்கியது. அக்காவின் செருப்பு வரை நுரை வழிந்து வந்தது.

அவள் நுரையையும் பார்த்தாள், தம்பியையும் பார்த்தாள்.

"இதுக்காகவாடா?" என்றாள்.

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை. அவ்வளவு இரக்கமாகக் கேட்டாள். அண்ணன் "இல்லக்கா, இது இல்ல..." என்று குழிப் பக்கம் கையைக் காட்டினார். அரை மணி நேரம் சும்மா இருந்திருந்தால் தானாக எழும்பியிருக்கும், பஸ்ஸுக்கும் நேரம் இருந்திருக்கும். அதை அவரே பிறகு என்னிடம் எத்தனையோ தடவை சொல்லிவிட்டார். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைத்தது போல ஆயிற்று. ஊருக்கெல்லாம் பொறுமை சொன்ன மனுஷன், தனக்கு வேண்டிய ஒரே ஒரு நாளில் அதைத் தொலைத்துவிட்டார்.

பஸ் வந்தது. அக்கா அவர் கன்னத்தைத் தடவிவிட்டு ஏறிப் போய்விட்டாள்.

வெயில் தாழ்ந்து நான் கடையை ஒதுக்கிக்கொண்டிருந்தேன். தரை அதிர்ந்தது. மறுபடி நிரம்பி, மறுபடி சூடாகி, ஊற்று எழும்பியது. அடேயப்பா! அத்தனை வருஷத்தில் நானே அப்படிப் பார்த்ததில்லை. வானத்தை மறைத்துக்கொண்டு வெள்ளை வெளேரென்று நின்றது. பார்க்க நாங்கள் இரண்டு பேர்தான்.

அண்ணன் செல்போனை எடுத்தார்.

"அக்கா! எழும்பிடுச்சுக்கா! இதுதான்க்கா! சத்தம் கேக்குதா?" என்று கத்திவிட்டு, போனை ஊற்றின் பக்கமாகத் தூக்கிப் பிடித்தார். அது அடங்கும்வரை பிடித்துக்கொண்டே நின்றார். பிறகுதான் காதில் வைத்தார். ஊற்று ஓய்ந்திருந்ததால் அவள் குரல் எனக்கும் கேட்டது.

"பஸ் சத்தத்துல ஒண்ணுமே கேக்கலடா. நீ சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்க்கா" என்றார். காலையிலிருந்து அவர் ஒன்றும் சாப்பிடவில்லை.