ரேணுகா எடுக்கும் பாட்டு

ஆத்தங்குடிக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தச் சின்ன ஊரில் ஆடி மாதம் முளைப்பாரி வைப்பார்கள். பயறு முளைத்துத் தளதளவென்று நிற்கும் சட்டிகளை நடுவில் இறக்கிவைத்து, பெண்கள் சுற்றிவந்து கும்மி கொட்டுவார்கள். ஒருத்தி ஓர் அடியை எடுத்துக்கொடுப்பாள். மற்றவர்கள் அதையே திருப்பிப் பாடுவார்கள். பல வருசமாக எடுத்துக்கொடுப்பவள் ரேணுகா. அந்த ஒரு மாலையில் அவளுடைய அண்ணன் வேல்பாண்டிக்குத் தலைகால் புரியாது.

வேல்பாண்டி வீடுகளுக்குத் தரைக்கல் பதிக்கிற கொத்தனார். எட்டாவதோடு படிப்பு நின்றது. நூல் பிடிக்காமல் ஒரு கல்லைக்கூட வைக்கமாட்டார். தங்கை காரியத்திலும் அதே கவனம்தான். ரேணுகாவுக்குச் சிறுவயதில் வந்த காய்ச்சல் காதைக் கொண்டுபோய்விட்டது. இடது காது அறவே இல்லை. வலது காதில் கிட்ட வந்து பேசினால் பாதி விழும். மீதியை எதிராளியின் வாயைப் பார்த்துப் பிடித்துக்கொள்வாள். "வெளிய தெரிஞ்சா நாளைக்கு எவன் கட்டுவான்" என்று அம்மா சொல்லிவைத்ததால் வீட்டில் யாரும் மூச்சுவிடவில்லை. பள்ளிக்கூடத்தில் அவளுக்கு முதல் பெஞ்சில் இடம் பிடித்துக்கொடுத்தது அண்ணன்தான். பெண் கேட்டு வந்த குழந்தைவேலுவிடம் மட்டும் மறைக்காமல் சொன்னார்.

"மூஞ்சியப் பாத்துப் பேசுனா புரியுதுல்ல? பொண்டாட்டி மூஞ்சியப் பாத்துப் பேசுறதுல என்ன மச்சான் சங்கடம்?" என்று அவர் சிரித்தார்.

ரேணுகா இன்று செக்காலையில் ஒரு தையல் கடையில் ரவிக்கை தைக்கிறாள். காது மிஷின் வாங்கித் தருகிறேன் என்று அண்ணன் சொன்னபோது, "ஊருக்குத் தெரிஞ்சுபோகும், வேணாம்" என்றாள். பாட்டை மட்டும் அவள் விடவில்லை. கும்மி வட்டத்தில், காலடியில் தரை அதிர்வதும் எதிரே வாய்கள் திறந்து மூடுவதுமே அவளுக்குத் தாளம்.

இந்த வருசம் விழாக் கமிட்டிக்கு வந்த பாண்டிமுருகன் மேடை போட்டான். பாட்டெடுப்பவர் மேலே மைக் முன்னால் நிற்க, பெண்கள் கீழே சுற்றவேண்டும் என்பது ஏற்பாடு. நல்ல எண்ணம்தான். "சரியா வரலேன்னா அடுத்த வருசம் பென் டிரைவ்ல பாட்டப் போட்டுருவோம்" என்றும் சொல்லியிருந்தான். வேண்டாம் என்றால் காரணம் சொல்லவேண்டும். வேல்பாண்டி தலையாட்டிவிட்டு வந்தார்.

அந்தி மயங்கியதும் ரேணுகா மேடை ஏறினாள். முதல் அடி கணீரென்று வந்தது. கீழே பெண்கள் திருப்பிப் பாடி முடிப்பதற்குள் இரண்டாவது அடியை எடுத்துவிட்டாள். விளக்கு வெளிச்சம் கண்ணில் அடித்தது. வட்டத்தில் பாதிப்பேர் முதுகைக் காட்டிக்கொண்டு போனார்கள். மூன்றாவது அடியில் கைதட்டு சிதறியது. ரேணுகா கண்ணுக்கு மேல் கையை வைத்து வாய்களைத் தேடினாள். பிறகு பாட்டை நிறுத்திவிட்டுச் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அக்காவுக்குத் தொண்டை சரியில்லபோல. பென் டிரைவ எடுங்கடா" என்றான் பாண்டிமுருகன்.

வேல்பாண்டி கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனார். "தொண்டை இல்லப்பா. அவளுக்குக் காது கேக்காது. வாயப் பாத்துத்தான் பாடுவா."

சொன்னபிறகுதான் அத்தனை பேருக்கும் நடுவில் நிற்பது உறைத்தது. யாரும் திடுக்கிடவில்லை. வட்டத்தில் இருந்த ஒச்சம்மாள், வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு கேட்டாள்:

"ஏப்பா வேல்பாண்டி, இதச் சொல்லத்தான் இம்புட்டு வேகமா வந்தியா? எங்களுக்குத் தெரியாதாக்கும்?"

"தெரியுமா மதினி?"

"நான் எதுக்கு வருசா வருசம் அவளுக்கு நேர் எதிர்க்க நிக்கிறேன்? வாயப் பொளந்து பொளந்து தாடையே கழண்டுபோச்சு!"

பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். போன வருசம் இந்த ஊருக்கு மருமகளாக வந்த மகாலட்சுமி மெதுவாகக் கேட்டாள். "அப்ப, 'பாலத் தெளிச்சு வளத்த முளை'ன்னு எங்க ஊருல பாடுறத இங்க 'மாலத் தெளிச்சு'ன்னு பாடுறீகளே, அது...?"

"அவளுக்கு அப்படித் தெரிஞ்சிச்சு, அப்படி எடுத்தா. நாங்க மாத்திப் பாடுனா பிள்ளை தடுமாறிப்போகும்ல? அவ எடுத்ததுதான் எங்களுக்குப் பாட்டு" என்றாள் ஒச்சம்மாள்.

'பா'வும் 'மா'வும் உதட்டில் ஒன்றுபோலத்தான் இருக்கும் என்று வேல்பாண்டிக்கு அப்போதுதான் பட்டது. வீட்டுக்குள் பொத்திப்பொத்தி வைத்ததை இந்தப் பெண்கள் எத்தனையோ ஆடியாகச் சுமந்திருக்கிறார்கள். ஒருத்திகூட ஒரு சொல் விடவில்லை.

பாண்டிமுருகனுக்கு முகம் சுண்டிவிட்டது. "எனக்குத் தெரியாது அண்ணே" என்றபடி ஓடிப்போய் ரேணுகாவைக் கைபிடித்து இறக்கினான். "அக்கா வட்டத்துக்குள்ளயே பாடட்டும். ஆனா மைக்க யாரு பிடிக்கிறது? அக்கா கை கொட்டணுமே, வேற ஆளு கூடவே நடக்கணுமே?"

"அண்ணன்காரன் எதுக்கு இருக்கான்? கல்லு சுமக்குறவனுக்கு மைக்கு கனக்குமா?" என்றாள் ஒச்சம்மாள்.

கும்மிக்குள் ஆம்பிளை போவது அந்த ஊரில் வழக்கமில்லை. வேல்பாண்டி வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு உள்ளே போனார். ரேணுகா பாட்டெடுத்தாள். ஒச்சம்மாள் எதிரே வாயை அகலத் திறந்து திருப்பினாள். கைகள் ஒன்றாக விழுந்தன.

"அண்ணே, கொலுசு ஒண்ணுதான் கொறச்சல்!" என்று யாரோ கத்தினார்கள்.

வேல்பாண்டி சிரிக்கவில்லை. தங்கையின் மோவாய்க்குக் கீழே மைக்கைப் பிடித்தபடி, ஒச்சம்மாளின் முகத்தை மறைத்துவிடக் கூடாதே என்று தலையைக் குனிந்து நடந்துகொண்டிருந்தார்.